தனி வீடு மாதிரியே இருக்குமாம்!

"சின்ன அபார்ட்மென்ட்தான் சார், ஆனா தனி வீடு மாதிரியே இருக்கும்." சென்னையில் பெரம்பூர், கொளத்தூர், கொடுங்கையூர் பக்கம் ஃபிளாட் தேடியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம் ஆகியிருக்கும். நேற்று கொளத்தூரில் மறுபடியும் கேட்டுவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது.

ஒரு கிரவுண்டு இடம். கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்துக்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. வாசல்கள் நேருக்கு நேர். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் செருப்பு மாட்டினால் தலை முட்டும்.

"உள்ளே வாங்க சார், முற்றம் பாருங்க" என்றார் பில்டர். முற்றமா! ராயபுரத்தில் பாட்டி வீட்டு முற்றத்தில் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்த ஞாபகம் வந்து, ஆசையாகப் பின்னாலேயே போனேன். ஹால் தாண்டி, சமையலறை தாண்டி, துணி துவைக்கும் மூலைக்குப் போய் ஒரு ஜன்னலைத் தள்ளினார். ஓடிஎஸ்! அதாவது 'ஓப்பன் டு ஸ்கை', காற்று வெளிச்சத்துக்காகக் கட்டடத்தில் விடும் சந்து. நாலடிக்கு மூன்றடி. பிவிசி பைப்புகள், யாரோ வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன், புறா எச்சம். "மேலே பாருங்க, வானம் தெரியுது." தெரிந்தது, தபால் அட்டை அளவுக்கு. எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்து வீட்டு பாத்ரூம் ஜன்னல். உள்ளே ஒருவர் தொண்டையைக் காறினார். பில்டர் அசரவே இல்லை. "காத்து எப்படி வருது பாருங்க!" வந்தது. கருவாட்டுக் குழம்போடு வந்தது.

950 சதுர அடியாம். கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் நாம் புழங்கும் இடம், எவ்வளவு என்றேன். "அதெல்லாம் ரெரா பிராஜெக்டுக்கு சார்." ரெரா என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அந்த 2016 சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடத்துக்கும், எட்டு வீடு வரையிலான கட்டடத்துக்கும் ரெரா பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்டே 223 சதுர மீட்டர்தான். சட்டத்தை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறார்.

ஐயா, படிக்கட்டை நடுவில் போட்டு வாசல்களை ஆளுக்கொரு பக்கம் திருப்பினால் என்ன? வாசலோரம் உட்கார ஒரு முழத் திண்ணை வைத்தால் குடியா முழுகிவிடும்? மூன்று பக்கம் ஜன்னல் வைத்தாலே பாதி தனி வீடு வந்துவிடும். இவர் வைத்திருப்பதோ வாசலில் சிங்க முகக் கைப்பிடி.

வாங்கவில்லை. நம்பரைக் கொடுத்துத் தொலைத்தேன். காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்'. பிளாக் செய்தால் பில்டரின் தம்பி நம்பரிலிருந்து முருகர் வருகிறார்.