ஹாரியட் டப்மனுக்குத் தராத சம்பளம்

ஹாரியட் டப்மனின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர் அடிமைகளை மீட்டுவந்த காலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண் அவர். 1849-ல் அங்கிருந்து தப்பியவர், சுமார் 13 முறை திரும்பிப் போய் எழுபது பேர் வரை மீட்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. இளவயதில் மேற்பார்வையாளன் வீசிய எடைக்கல் மண்டையில் பட்டதால், திடீர் திடீரென்று நினைவிழந்துவிடுவார். சனிக்கிழமை இரவில்தான் ஆட்களைக் கிளப்புவார். ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரச்சொல்லும் விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் வராதே!

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65), அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்த வடபகுதி ராணுவத்துக்காக சவுத் கரோலைனாவில் செவிலியாக, சமையல்காரராக, உளவாளியாக உழைத்தார். 1863 ஜூனில் கொம்பாஹி ஆற்றில் பீரங்கிப் படகுகளுக்கு வழிகாட்டினார். அந்த ஒரே தாக்குதலில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையானார்கள். இத்தனைக்கும் அரசாங்கத்திடமிருந்து கைக்கு வந்தது 200 டாலர் அளவுதான். அதையும் போட்டுத் துணி வெளுக்கும் கூடம் கட்டினார், விடுதலையான பெண்கள் சம்பாதிக்கட்டும் என்று. தன் வயிற்றுப்பாட்டுக்குப் பகலெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டு, இரவில் ஜிஞ்சர்பிரெட் என்னும் இஞ்சி ரொட்டி சுட்டு விற்கக் கொடுத்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பும்போது, ராணுவப் பயணச்சீட்டு கையில் இருந்தும், ரயில் பெட்டியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். கையில் பலத்த காயம். பாக்கிச் சம்பளம் 1,800 டாலர் கேட்டு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. 1895-ல் மாதம் 8 டாலர் வந்தது. அதுவும் படைவீரரான கணவர் நெல்சன் டேவிஸின் விதவை என்பதற்காக! செவிலிப் பணியையும் சேர்த்து 20 டாலராக உயர்த்த 1899 ஆயிற்று. படைவீரருக்குரிய ஓய்வூதியம் அவர் உயிரோடு இருந்தவரை வரவே இல்லை. 2003-ல், அவர் இறந்து 90 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாடாளுமன்றம் ஓய்வூதியப் பாக்கிக்காக 11,750 டாலரை அவருடைய நினைவில்லத்துக்கு ஒதுக்கியது.

20 டாலர் நோட்டில் அவர் முகத்தைப் போடுவதாக 2016-ல் அறிவித்தார்கள். போடட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவரைக் கொண்டாடும் பாடநூல்களில் இந்த மனுக்களும் இடம்பெற வேண்டும். துணிச்சலை மட்டும் புகழ்ந்து கூலியை மறைப்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இத்தனை வறுமையிலும் தான் வாழ்ந்த நியூயார்க் மாநில ஊரான ஆபர்னில் நிலம் வாங்கி, ஆதரவற்ற கறுப்பின முதியோருக்கு இல்லம் அமைக்கத் தேவாலயத்துக்கு எழுதிவைத்தார். உள்ளே சேர 100 டாலர் கட்டணம் என்று தேவாலயத்தார் விதி வைத்தபோது கொதித்துப்போனார். கையில் காசே இல்லாதவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் வைக்க விரும்பிய விதி.