ஷெப்பர்ட் கண்டது கனவா?

'மாஸ் எஃபெக்ட் 3' வீடியோ விளையாட்டின் கடைசிக் காட்சிகள் முழுக்க அதன் முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்டின் பிரமைதான், ரீப்பர்கள் என்ற எதிரி இயந்திரங்கள் அவர் மனதை வசப்படுத்திவிட்டன, இதை விளையாட்டை உருவாக்கிய பயோவேர் நிறுவனமே ஒப்புக்கொண்டது என்று ஒரு செய்தி இன்னமும் சுற்றுகிறது. அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வதந்திக்கு ஒரு விதை உண்டு. கடைசிக் கட்டத்தில் ஷெப்பர்ட் ரீப்பர் பிடியில் சிக்கி, ஆடுபவரின் கட்டுப்பாடு மெல்ல நழுவுவதுபோல ஒரு பகுதியை வைக்க உண்மையிலேயே யோசித்தார்கள். உரையாடல் தேர்வுகளோடு அது ஒத்துவராததால் கைவிட்டார்கள். வெளியீட்டை ஒட்டி வந்த, விளையாட்டு உருவான கதையைச் சொல்லும் செயலியில் இது இருக்கிறது. கைவிட்டதைத்தான் 'உறுதியானது' என்று திரித்துவிட்டார்கள்.

சரி, ரீப்பர்களை அழிக்கும் முடிவைத் தேர்ந்தெடுத்தால் இடிபாடுகளுக்குள் கேட்கும் அந்த ஒற்றை மூச்சு? ஷெப்பர்ட் பிழைத்திருக்கலாம் என்ற குறிப்பு, அவ்வளவுதான். 2012 ஜூனில் இலவசமாக வந்த நீட்டித்த முடிவும் போருக்குப் பிந்தைய உலகத்தை நிஜமாகவே காட்டுகிறது. கனவு என்று எங்கும் சொல்லவில்லை. எழுத்தாளர்களில் ஒருவரான கிறிஸ் ஹெப்லரும் 2021இல் இது ரசிகர்களின் படைப்பே என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எனக்கென்னவோ, அசல் முடிவைவிட ரசிகர்கள் கட்டிய கதைதான் சுவாரசியம்.