உட்கார்ந்துகொண்டு தரும் தைரியம்

"தைரியமாகப் பேசப் பழகுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் ஏனோ உட்கார்ந்துகொண்டே சொல்கிறார்கள்.

நான் 2016 முதல் 6 ஆண்டுகள் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு சேலைகளை மடித்து அடுக்கி முடிக்கும் வரை பெரும்பாலும் செய்தது நிற்பதைத்தான். ஆள் வராத மதிய வேளையிலும் சுவரில் சாயக் கூடாது; சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வரும். கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். ஆடித் தள்ளுபடி நாட்களில் இரவு விடுதிக்குத் திரும்பியதும், கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு கிடக்கும் நரம்பை ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொள்வோம். எங்களுக்குள் இவ்வளவு பேசிய நாங்கள் மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதைக் கோழைத்தனம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடுதியும் சாப்பாடும் கடையினுடையவை. வாய் திறந்தால் வேலையோடு படுக்க இடமும் போய்விடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களின் மௌனம் அது.

2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், பணியாளர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி தர வேண்டும் என்ற 22-அ பிரிவைச் சேர்ப்பதற்கான மசோதா சட்டமன்றத்தில் தாக்கலானது. கேரளம் 2018லேயே இதைச் செய்துவிட்டது. அதற்குப் பின்னால், தையல் தொழிலாளியான விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பினரும் கோழிக்கோட்டில், முதலில் கழிப்பறையும் பிறகு இருக்கையும் கேட்டுப் பல ஆண்டுகள் நடத்திய போராட்டம் இருந்தது. அவர்களும் தனியாகப் போய்க் கேட்கவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

எங்கள் பிரிவில் மூத்தவரான அக்கா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்தார். மறு ஆண்டு பொங்கல் வியாபாரம் முடிந்ததும் நாங்கள் 4 பேர் மேலாளர் அறைக்குப் போனோம். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதி எனக்கு மறந்துபோயிற்று. "சார், உட்கார ஸ்டூல் வேணும். சட்டத்துலயே இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "யாரும்மா உனக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தது?" என்று அவர் சிரித்தார். அக்கா அந்தத் துண்டுத்தாளை மேசைமேல் விரித்து வைத்தார்.

முதுகை நிமிர்த்து, கண்ணைப் பார்த்துப் பேசு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அன்று என் முதுகும் நிமிரவில்லை, குரலும் தெளியவில்லை. கையில் ஒரு சட்டப் பிரிவும், பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள் என்ற நினைப்பும் இருந்தன; இப்போது ஊர்க் கிராம சபையில் தெருவிளக்குப் பற்றி எழுந்து கேட்கும்போதும் இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொண்டுதான் எழுகிறேன்.

பதினொரு பேருக்கு 2 பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மதியம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். போன் வரவில்லை.