டோக்கன் வாங்கிட்டு வாங்க

கணினியில் அரட்டை அடிக்க உதவும் வெளிச் செயலியான சாட் கிளையன்ட்டில் சமூக வலைத்தளக் கணக்கைச் சேர்க்கப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போதும் என்றிருந்த காலம் போச்சு. இப்போது டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சீட்டு, வேண்டுமாம். மொய் எழுத வந்தவரிடம் ஆதார் நகல் கேட்பது போல இருக்கிறது.

இந்த டோக்கன் முறைக்கான விதிமுறை, ஓஆத் 2.0, வந்தது 2012-ல். வெளிச் செயலியிடம் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் அனுமதியை மட்டும் ரத்து செய்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மைச் செய்ய வைக்கும் விதம் இருக்கிறதே!

கிளையன்ட் ஒரு முழநீள லிங்க்கைத் தரும். டெர்மினல் என்னும் எழுத்துத் திரையில் அது மூன்று வரியாக உடையும். ஒட்டவைத்து பிரவுசரில் போட்டால் மறுபடி லாகின், ஓடிபி. கோபியில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது; ஓடிபிக்கு மாட்டுக் கொட்டகை வரை நடக்க வேண்டும். அப்புறம் 'அனுமதி'யை அழுத்தினால் பக்கம் 127.0.0.1-க்கு, அதாவது நம் கணினிக்கே, தாவி 'இணைக்க முடியவில்லை' என்று நிற்கும். மூடிவிடாதீர்கள்! டோக்கன் வாங்கத் தேவையான கோட் அங்கேதான் முகவரிப் பட்டையில், ஒரு சமக்குறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. '&' குறியோடு 'ஸ்டேட்' தொடங்கும் இடத்துக்கு முன்னால் வெட்டி, கிளையன்ட்டில் ஒட்ட வேண்டும். இதை எந்தத் திரையும் சொல்லாது. ஓர் எழுத்து கூடினாலும் 'அங்கீகாரம் தவறு'. கோடுக்கு அதிகபட்சம் 10 நிமிட ஆயுள் போதும் என்கிறது விதிமுறை. கொட்டகைக்குப் போய் வந்தவனுக்கு எங்கே போதும்?

"ஏனுங்க மாமா, போன்லயே ஆப் இருக்குதுங்களே?" என்கிறான் அக்கா மகன்.

இருக்குதுடா. ரீல்ஸ் தொல்லை இல்லாமல் நாலு வரி பேசத்தானே இத்தனை பாடும்.