பீவர் கட்டும் ஒழுகும் அணை

கலிஃபோர்னியாவின் தண்ணீரில் ஏறக்குறைய 30 சதவீதம் சியரா நெவாடா மலைப்பனியிலிருந்து வருகிறது. அந்தப் பனி சீக்கிரமே உருகி ஓடிவிட்டால் கோடையில் திண்டாட்டம்தான். உடனே இன்னொரு பெரிய அணை வேண்டும் என்று பேச்சு கிளம்பும். மலை ஓடைகளைப் பொறுத்தவரை நான் பீவர் கட்சி.

20 கிலோவுக்கு மேல் வளரும் இந்தக் கொறிக்கும் விலங்கு கட்டும் அணைக்கு எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். கிளை, சேறு, கல், அவ்வளவுதான். எங்கு பார்த்தாலும் ஒழுகும். ஆனால் ஓடையின் வேகம் அங்கே அடங்குகிறது. வண்டல் தங்குகிறது, நீர் பக்கவாட்டில் புல்வெளிக்குள் பரவி மண்ணில் இறங்குகிறது, மழையில்லா மாதங்களில் மெல்லக் கசிந்து ஓடைக்கே திரும்புகிறது. பீவர் போய்விட்ட ஓடை பல இடங்களில் தன் அடியையே அரித்துப் பள்ளமாகிவிட்டது. ஓடை இறங்க இறங்க நிலத்தடி நீரும் கூடவே இறங்கும், மேலே புல்வெளி காயும்.

பீவர் ஏன் போனது? தொப்பிக்காக! ஐரோப்பாவில் பீவர் ரோமத் தொப்பிக்கு அத்தனை மவுசு. 1820களில் ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் ரோம வியாபார நிறுவனம், இன்றைய வடமேற்கு அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் பீவரை அடியோடு பிடித்துத் தீர்க்கச் சொன்னது. எதற்கு? அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இருக்கக் கூடாதாம். வியாபாரப் போட்டிக்கு ஒரு மலைநாட்டின் ஓடைகளே பலி.

அதே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ஐடஹோ மாநிலத்தில், 1948இல் 76 பீவர்களைக் காட்டில் குடியேற்றுவதற்காகப் பெட்டியில் அடைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள். ஒன்றுதான் இறந்தது. (சோதனைக்காகத் திரும்பத் திரும்ப விமானத்திலிருந்து போடப்பட்ட கிழட்டு ஆண் பீவருக்கு ஜெரோனிமோ என்று பெயர். கடைசியில் மூன்று பெண் பீவர்களோடு காட்டுக்கு அனுப்பிவைத்தார்களாம். நியாயம்தானே!)

ஒரேகான் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் மனிதர்களே மரக்கம்புகளை நட்டுப் பின்னி அணை தொடங்கிவைத்தார்கள், மீதியைப் பீவர்கள் பார்த்துக்கொண்டன. நீர்மட்டம் உயர்ந்தது, ஸ்டீல்ஹெட் மீனும் பெருகியது. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவும் ப்ளூமாஸ் மாவட்டத்தில், மைடு பழங்குடியினரின் நிலத்தில், ஏழு பீவர்கள் கொண்ட குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் குழாய்க்குப் பீவர் தண்ணீர் தந்துவிடாது. எங்கும் விடலாம் என்றும் சொல்லவில்லை. 1946இல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியெர்ரா தெல் ஃபுவேகோவில் விட்டு, அந்த ஊர்க் காடுகள் பாழானதுதான் மிச்சம். அங்கு அது அயல் விலங்கு, அங்குள்ள மரங்களை வெட்டினால் துளிர்க்காது.

சொந்த ஊரிலும் சாலையை மூழ்கடிக்கிறதே என்பார்கள். சரி, அணைக்குள் ஒரு குழாயைச் செருகினால் நீர் அதற்கு மேல் ஏறாது. கொன்றால் காலி இடத்துக்கு அடுத்த குடும்பம் வந்து மறுபடி கட்டத் தொடங்கிவிடும்.