நார்மல் ரிப்போர்ட்டும் நார்மல் இல்லாத வயிறும்

எண்டோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். வயிறு மட்டும் நார்மலாக இல்லை. இப்படி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு டாக்டர் மாற்றி டாக்டரைப் பார்ப்பவர் உங்கள் சொந்தத்திலும் ஒருவராவது இருப்பார். இவர்களில் நிறைய பேருக்கு இருப்பது ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்னும் குடல் கோளாறு. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலும் மூளையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்வதில்தான் கோளாறு. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வெளியூர் பஸ் ஏறவே பயப்பட வைத்துவிடும்.

நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு அட்டை பான்டோபிரசோல். அது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்து. பெருங்குடல் இழுத்துப் பிடிப்பதற்கு அதனால் என்ன ஆகும்?

மருந்தில்லாத வழிகள் வேலை செய்யுமா என்பது பழைய கேள்வி. மான்செஸ்டரில் டாக்டர் பீட்டர் வோர்வெல் 30 பேரை எடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஹிப்னோதெரபி என்னும் மனவசிய சிகிச்சை கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது 1984-ல். 2024-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், குடலில் புளித்து வாயுவாகும் உணவுகளைக் குறைத்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு நான்கே வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் அது 58 சதவீதம்.

சரி, செலவு? இங்கிலாந்தில் இதைக் கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத ஐபிஎஸ் உள்ள 558 பேரை எடுத்து, ஒரு பிரிவினருக்குத் தொலைபேசியில் சிபிடி என்னும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் மனப்பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு இணையதளம் வழியாக அதே பயிற்சி, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். தொலைபேசிப் பிரிவில் சிகிச்சையாளர் ஒரு நோயாளிக்குச் செலவிட வேண்டியது 8 மணி நேரம், இணையப் பிரிவில் இரண்டரை மணி நேரம். முழு ஆரோக்கியத்துடன் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைப்பதற்கு ஆகும் செலவு முதலாவதில் சுமார் 22,000 பவுண்டு, இரண்டாவதில் 8,000-க்கும் கீழே. அங்கே அரசு ஏற்றுக்கொள்ளும் வரம்பு அப்போது 20,000 முதல் 30,000 பவுண்டு. பலன் தொலைபேசியில் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் கையில் இருக்கும் பணத்தில் நிறைய பேருக்கு உதவ வேண்டுமென்றால் நான் இணையத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நம் சிக்கல் வேறு. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். உணவியல் நிபுணரோடு பேசும் ஒரு மணி நேரத்துக்கோ உளவியலாளர் ஃபீஸுக்கோ தராது. உளவியலாளர் என்றதுமே 'எனக்கென்ன பைத்தியமா?' என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. இது மனப்பிரமை இல்லை, குடல் நரம்புகளைப் பழக்கப்படுத்தும் பயிற்சி என்று ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல ஓபி வரிசை விடுவதில்லை.

ஸ்வீடன் ஆய்வில் வந்த உணவுமுறை நமக்கு ஒரு விதத்தில் சுலபம். அரிசி பிரச்சினையில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால்தான் இடைஞ்சல். நான்கிலிருந்து ஆறு வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூடியூபைப் பார்த்து ஆரம்பிப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு, வருடக்கணக்கில் வெங்காயமே இல்லாமல் சாம்பார் வைக்கிறார்கள், பாவம்.

மருந்தில்லாதது எல்லாமே மலிவு என்றும் நினைக்க வேண்டாம். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று ரத்தத்தில் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஐஜிஜி பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே அதைச் செய்ய வேண்டாம் என்கின்றன. 'குடல் டீடாக்ஸ்' பற்றிப் பேசவே வேண்டாம். அந்தக் காசில் எத்தனை டப்பா இசப்கோல் நார்ச்சத்துப் பொடி வாங்கலாம்!

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். அங்கே பரிசோதனைதான் முதலில்.

மற்றவர்களுக்காக ஒரு யோசனை. டெலி மானஸ் என்று 14416 எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. போன் இருக்கிறது, பேச ஆளும் இருக்கிறது. அந்த ஆலோசகர்களில் சிலருக்கு ஐபிஎஸ்-க்கான சிபிடி பயிற்சி கொடுத்து, அரசு மருத்துவமனைக் குடல்நோய்ப் பிரிவிலிருந்து நோயாளிகளை அங்கே அனுப்ப ஆரம்பிக்கலாம். ஒரு மாவட்டத்தில் முதலில் செய்து பார்த்து, செலவுக் கணக்கை வெளியிடட்டும்.