மீன் பெட்டியில் ஒயின்

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை மாலை. அக்கா முப்பது வருடமாகக் காசிமேட்டில் மீன் விற்பவர். தம்பி அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாசிக்கில் இருக்கும் மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய சிவப்பு ஒயின் பாட்டில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல நடுவில் நிற்கிறது.

அக்கா: 2019 என்று போட்டிருக்கிறதே! மாத்திரை என்றால் தூக்கிப் போட்டிருப்போம்.

தம்பி: அது காலாவதியான வருடம் இல்லை அக்கா. திராட்சை பறித்த வருடம்.

அக்கா: பறித்த வருடத்தை எழுதி ஒட்டுகிறார்களா? மீனுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதிப் பேர் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தம்பி: அறை வெப்பத்தில் குடிக்க வேண்டுமாம்.

அக்கா: எந்த ஊர் அறை?

தம்பி: ஐரோப்பாக்காரர்கள் அறை. 16, 18 டிகிரி.

அக்கா: இங்கே சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. மீன் பெட்டியில் ஐஸ் மீதி இருக்கிறது, அரை மணி நேரம் புதைத்து வை.

(புதைத்தார்கள். எடுத்தபோது லேபிளில் சங்கரா செதில் ஒன்று முத்திரை மாதிரி ஒட்டியிருந்தது.)

தம்பி: கார்க்கை எடுக்கத் திருகாணி இல்லை. தெருமுனை ஒயின் ஷாப்பில் கேட்டேன். "ஒயினா? அதெல்லாம் இங்கே ஏது?" என்று சிரிக்கிறார்கள்.

அக்கா: அப்புறம் ஏன் அதை ஒயின் ஷாப் என்கிறோம்?

தம்பி: வாய்ப் பழக்கம்.

(போர்ச்சுகல் பக்கம் ஒரு மரத்தின் பட்டையை ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை பொறுமையாக உரித்து எடுப்பதுதான் கார்க். ராயபுரத்தில் அதை ஒரே குத்தில் மத்துக் காம்பு பாட்டிலுக்குள் தள்ளிவிட்டது.)

தம்பி: டம்ளரைச் சுழற்று.

அக்கா: எதற்கு? சர்க்கரையா போட்டிருக்கிறாய்?

தம்பி: வாசனை எழும்பும். முகர்ந்து பார்... எனக்குத் திராட்சை வாசனைதான் வருகிறது.

அக்கா: இப்படிக் கொடு.

(செவுளைத் தூக்கிப் பார்க்காமலே மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லும் மூக்கு அது.)

அக்கா: நாவல் பழம். கொஞ்சம் மிளகு. அடியில் ஏதோ மரம், தச்சுப் பட்டறையில் இழைத்துப் போட்ட பலகை மாதிரி.

தம்பி: மரமா? இரு, கேட்கிறேன். (போனை வைத்தபின்) ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருடம் கிடந்ததாம்! இதைக் கண்டுபிடிக்க மாப்பிள்ளை பணம் கட்டிப் படித்தாராம்.

அக்கா: பாவம். (ஒரு வாய் குடித்து) இனிப்பே இல்லையேடா. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பார்களே, அது பாகு மாதிரி இருக்கும்.

தம்பி: இதில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்கிவிட்டது.

அக்கா: நாக்கையும் இழுத்துப் பிடிக்கிறது.

தம்பி: டேனின். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது.

அக்கா: துவர்ப்பு என்று சொல்லேன். இதை எடுக்கத்தானே வாழைப்பூவை மோரில் போடுகிறேன்? காசு கொடுத்தா குடிப்பார்கள்? (இன்னொரு வாய் குடிக்கிறார்.) ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது.

(வஞ்சிரம் வறுவலில் ஒரு துண்டு, மேலே ஒரு வாய் ஒயின். அக்காவின் முகம் மாறுகிறது.)

அக்கா: கவிச்சி! என் மீனிலா? விடியற்காலை ஏலத்தில் நானே நின்று எடுத்தது!

தம்பி: மீன்மேல் தப்பில்லை. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் இப்படி வாடை அடிக்குமாம். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் சரி என்று மாப்பிள்ளை அப்போதே சொன்னார்.

அக்கா: சொன்னாரா? அதை இப்போது சொல்கிறாயே! ஒரு நிமிடத்தில் என் முப்பது வருட மானம் போய்விட்டது என்று பதறிவிட்டேன். மதியம் வைத்த ஆட்டுக்கறி இருக்கிறது, எடுத்து வா.

(கறி வந்தது. கொழுப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.)

தம்பி: பாதி மீதி இருக்கிறது. மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

அக்கா: எதை வைத்து மூடுவாய்?

(இருவரும் பாட்டிலைப் பார்க்கிறார்கள். கார்க் உள்ளே மிதக்கிறது.)

அக்கா: ஊற்று.